தரையில் பதித்த ரம்பம்

துர்காதாஸ் ஊர் மாறப்போகிறார் என்பது அவர் ரொட்டி தின்கிற விதத்திலேயே வீராவாலிக்குத் தெரிந்துவிடும். உட்கார மாட்டார். ரொட்டியைச் சுருட்டி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, முற்றத்துக்கும் பட்டறைக்கும் நடுவே போவதும் வருவதுமாகக் கடிப்பார். தட்டில் பருப்பு ஆறிக் கிடக்கும். ஆக்ராவில் அப்படித் தின்றார், மீரட்டுக்கு வந்தார்கள். மீரட்டில் அப்படித் தின்றார், ஜலந்தருக்கு வந்தார்கள். இப்போது ஜலந்தரிலும் ஆரம்பித்துவிட்டார்.

"ஏங்க, உட்கார்ந்து சாப்பிட்டா ரொட்டி கோவிச்சுக்குமா?"

"இந்த ஊர்த் தண்ணி சரியில்ல, வீராங்."

"ஆக்ராவுலயும் தண்ணியத்தான் சொன்னீங்க."

"அது உப்புத் தண்ணி. இது வேற. வஜ்ஜிரப் பசை பிடிக்க மாட்டேங்குது. ஃபரீதாபாத்ல புதுசா ஷெட்டு கட்டித் தர்றாங்களாம். போய்ப் பார்த்துட்டு வரேன்."

வீராவாலி ஆறின பருப்பை எடுத்து வைத்தாள். குறை தண்ணீரில் இல்லை. போன வாரம் பட்டறை ஆள் மங்கத்தின் இடது கையில் இரண்டு விரல் போனதில் இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

சியால்கோட்டில் துர்காதாஸின் அப்பா லாலா மையாதாஸ், வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகளின் டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டிக் கொடுத்துத் தொடங்கிய தொழில் அது. நரம்பு கட்டினவர் மட்டை செய்தார், மட்டை செய்தவர் பட்டறை போட்டார். மகன்கள் தலையெடுத்தபோது 'மையாதாஸ் அண்ட் சன்ஸ்' ஹாக்கி மட்டைக்கு லாகூர் வரைக்கும் பேர் இருந்தது. மல்பெரி மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்து, பிரம்புக் கைப்பிடியை அதில் ஆப்பு மாதிரி இறக்கி, நூல் சுற்றி முடித்தால் ஒரு மட்டை. மூத்தவர் துர்காதாஸ் மரம் பார்ப்பார். இளையவன் பிஷனுக்கு இயந்திரம் என்றால் உயிர். நாற்பத்தேழாம் வருஷம் கோடையில் இங்கிலாந்திலிருந்து ஒரு பட்டை ரம்பம் வரவழைத்து, புதுக் கூடத்தில் சிமென்ட் போட்டுப் பதித்தார்கள். பதித்த ஈரம்கூட முழுசாகக் காயவில்லை, பிரிவினைக் கலவரத்தில் ஊர் பற்றிக்கொண்டது.

பக்கத்துக் கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு ராணுவ லாரி பிடித்து வந்து, ஏறுங்கள் என்றார். துர்காதாஸ் தம்பியிடம், "நீ இரு. ரெண்டு வாரத்துல எல்லாம் அடங்கிடும். மெஷினை யாராவது கழட்டிட்டுப் போயிடுவாங்க, பார்த்துக்க" என்றார். பிஷன் சிரித்துக்கொண்டே கை ஆட்டினான். அது ஊருக்கே தெரிந்த கதை. துர்காதாஸும் அதை யாரிடமும் மறைத்ததில்லை. கடைசி ஆளாக எல்லை தாண்டி வந்த மங்கத், பட்டறை எரிந்துவிட்டது என்றான். பிஷனைப் பார்த்தவர் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு துர்காதாஸ் எந்தப் பொருளையும் தரையில் பதிக்க விட்டதில்லை. உலகப் போர் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்டதில் ஒரு பழைய பட்டை ரம்பம் வாங்கினார். அதை இரண்டு கனத்த மரச் சட்டங்களின் மேல் நிறுத்தினார். எப்போது வேண்டுமானாலும் இழுத்து லாரியில் ஏற்றலாம். ஆனால் ஓடும்போது ரம்பம் நடக்கும். தடதடவென்று ஆடி, சாயங்காலத்துக்குள் சுவரிலிருந்து வாசல் பக்கமாக நகர்ந்துவிடும். அதனால் சட்டங்களின் மேல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள் உட்கார வேண்டும். "நம்ம பட்டறையிலதான் உட்கார்ந்திருக்கறதுக்குச் சம்பளம்" என்று மங்கத் கேலி பேசுவான். போன வாரம் உட்கார்ந்திருந்த ஆள் தும்மினான். ரம்பம் துள்ளியது. மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது மங்கத்தின் கை.

துர்காதாஸ் ஃபரீதாபாதுக்கு ரயிலேறிய அன்று காலை மங்கத் கட்டுப்போட்ட கையோடு முற்றத்தில் வந்து நின்றான். பின்னால் அவன் பெண்சாதி கர்மோ, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு.

"பீபிஜி, லாலாஜி ஊர் மாறப்போறார்னு பேச்சு அடிபடுதே."

"உனக்கு யார் சொன்னா?"

"நேத்து நடந்துக்கிட்டே ரொட்டி தின்னாரு." மங்கத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நாங்க இந்தத் தடவை வரல."

வீராவாலி மாவு பிசைந்த கையோடு எழுந்தாள். "நாங்கன்னா?"

"எல்லாரும்தான். பட்டறை ஆளுங்க பதினாலு குடும்பமும். இங்க சர்க்கார்ல எங்களுக்கு மனை கொடுத்திருக்காங்க. மண்ணுதான், ஆனா எங்க பேர்ல இருக்கு. சியால்கோட்டுல எங்களுக்கு ஏது மண்ணு?"

கர்மோ முக்காட்டுக்குள்ளிருந்து பேசினாள். "ஆக்ராவுல ஒண்ணு பெத்தேன், மீரட்டுல ஒண்ணு பெத்தேன். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஊர் பேரைச் சொல்லிக்கிட்டு அலையுது பீபிஜி. இனிமே பெத்தா இங்கதான் பெப்பேன்."

"ஏன்டி, இன்னுமா?"

கர்மோ சிரித்துவிட்டாள். ஆனால் மங்கத் சிரிக்கவில்லை. "லாலாஜியோட உப்பைத் தின்னவன் நான். மூஞ்சிக்கு நேரா என்னால சொல்ல முடியாது. நீங்க சொல்லுங்க."

அவர்கள் போன பிறகு வீராவாலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனாள். அங்கிருந்து அடுப்புக்கு வந்தாள். ரொட்டி கருகியிருந்தது. ஆள் இல்லாமல் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஃபரீதாபாத் போய் என்ன செய்வது? மரத்தை எந்த நேரத்தில் ஆவியிலிருந்து எடுக்க வேண்டும் என்கிற கணக்கு இந்தப் பதினாலு குடும்பத்துக்குள்தான் இருக்கிறது. போகமாட்டேன் என்று புருஷனிடம் சொல்லலாம். சொன்னால் தனியாகப் போவார். ரம்பம் ஒரு ஊரில், ஆள் ஒரு ஊரில், குடும்பம் ஒரு ஊரில். மூன்றில் எதை ஓரிடத்தில் நிறுத்த முடியும்? புருஷனை முடியாது.

மதியம் வெயில் ஏறும் முன்பே கொத்தனாரைக் கூட்டி வரச் சொன்னாள்.

கொத்தனார் ரம்பத்தைச் சுற்றி வந்து, "எவ்வளவு ஆழம் வேணும்?" என்றார்.

"இனிமே இது அசையக் கூடாது. அவ்வளவு ஆழம்."

மங்கத் ஓடி வந்தான். "பீபிஜி, லாலாஜிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அவர் வர்றதுக்குள்ள காயணுமே."

"அதுக்குத்தானே இன்னிக்கே போடச் சொல்றேன்."

மரச் சட்டங்களை உருவி எடுத்துக் குழி தோண்டினார்கள். முதல் சட்டி சிமென்ட் விழுந்தபோது வீராவாலிக்குப் பிஷன் நினைவுக்கு வந்தான். பதினைந்து வயதில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் அவள். பிஷனுக்கும் அதே வயது. அவள் எடுத்து வைத்த பாலாடையைத் திருடித் தின்றுவிட்டுப் பூனை மேல் பழி போடுவான். பூனையைக் கையும் களவுமாகப் பிடித்துத் தருகிறேன் என்று சொல்லி அவளிடமே இரண்டாவது கிண்ணமும் வாங்கித் தின்றிருக்கிறான். அவன் போனதைச் சொல்லிச் சொல்லி அழுவதற்குத் துர்காதாஸுக்கு உரிமை இருந்தது. அண்ணிக்கு அழ நேரம் ஏது? லாரியில் ஏறியதிலிருந்து அவள் மூட்டை கட்டிக்கொண்டும் மூட்டை அவிழ்த்துக்கொண்டும்தான் இருக்கிறாள்.

துர்காதாஸ் வந்தபோது சிமென்ட் வெளுத்துக் காய்ந்திருந்தது. ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் வாசலில் நின்று பார்த்தார். ஆட்கள் ஒவ்வொருவராக வேலையை நிறுத்தினார்கள். யாரோ மோட்டாரை அணைத்தார்கள். துர்காதாஸ் கிட்டே போய் உள்ளங்கையை வைத்து ரம்பத்தைத் தள்ளிப் பார்த்தார். பிறகு தோளை வைத்துத் தள்ளினார்.

"யார் செஞ்சது?"

"நான்தான்" என்றாள் வீராவாலி.

"எடுக்கணும்னா?"

"உடைக்கணும்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்து அவள் பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தாள். மங்கத்தின் விரல், கர்மோவின் பிள்ளைகள், ஆறு வயது மகள் சந்தோஷ் அதற்குள் மூன்று ஊர் மாறிவிட்டது, எல்லாம். அவர் கோபப்படவில்லை.

"பிஷனும் இப்படித்தான்" என்றார் மெதுவாக. "போல்ட்டு இறுகிடுச்சு அண்ணா, இனி பூகம்பம் வந்தாலும் அசையாதுன்னு சொல்லிக் கை தட்டினான்."

சுவரோரம் அடுக்கியிருந்த மட்டைகளில் கைக்கு வந்ததை எடுத்து, துண்டால் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் வந்துவிடுவார் என்று வீராவாலி நினைத்தாள். வரவில்லை.

ஃபரீதாபாதுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தாள். அங்கே போகவில்லை. அமிர்தசரஸில் சொந்தக்காரர் வீட்டுக்கும் போகவில்லை. ரயில் கூவும் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போவாள். டோங்கா வண்டிகள் வரிசையாக வரும், வேறு யார் யாரையோ இறக்கிவிட்டுப் போகும். பட்டறையிலோ வேலை முன்னெப்போதையும் விட நன்றாக நடந்தது. ரம்பம் ஆடாததால் அறுப்பு நேராக வந்தது, மரம் வீணாகவில்லை. அதுவே அவள் நெஞ்சைக் குத்தியது. அவர் இல்லாமல் நன்றாக நடக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லையே.

குழாயடியில் அடுத்த வீட்டுக்காரி குரல் தாழ்த்தாமலே கேட்டாள். "லாலா ஃபரீதாபாத்ல வேற குடித்தனம் வெச்சுட்டாராமே?"

"வெச்சா நல்லதுதான். ஒரு இடத்துல உட்கார்ந்தாரேன்னு சந்தோஷப்படுவேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள் வீராவாலி. வீட்டுக்குள் வந்து குடத்தை இறக்கக்கூட மறந்து நின்றாள்.

மழைக்காலம் முடியும் சமயம். பட்டாளத்து சுபேதார் ஒருவர், கேஹர் சிங் என்று பெயர், வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"மையாதாஸ் மட்டைக் கம்பெனி இதுதானா? பெரிய ஃபேக்டரின்னு சொன்னாரே."

"யார் சொன்னது?" வீராவாலி எழுந்து வந்தாள்.

"இட்டார்சி ஸ்டேஷன்ல ஒரு பைத்தியம். மன்னிச்சுக்குங்க பீபிஜி, ஒரு பெரியவர். வண்டி நிக்குது. பிளாட்பாரத்துல எலுமிச்சம்பழத்தை உருட்டி விட்டு மட்டையால அடிச்சுக் காட்டுறார். ஒண்ணு போய் ஸ்டேஷன் மாஸ்டர் டீயில விழுந்துச்சு."

பட்டறையில் வேலை நின்றுவிட்டது. மங்கத் இழைப்புளியோடு கிட்டே வந்தான்.

"என்னைப் பார்த்ததும், சர்தார்ஜி, உங்க கையில பலம் இருக்கும் போல இருக்கேன்னு மட்டையத் திணிச்சார். ஓங்கி அடிங்க, ஒடிஞ்சா சும்மா தர்றேன்னார். நான் விடுவேனா? அங்க கிடந்த பெஞ்சு மேல போட்டேன் ஒரு போடு."

"மட்டை ஒடிஞ்சுதா?" என்றான் மங்கத்.

"பெஞ்சு ஒடிஞ்சுது. அதுக்கு நான் தண்டம் கட்டினேன். எங்க ரெஜிமென்ட் டீம் முழுசுக்கும் மட்டை வேணும், அதான் வந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வீராவாலி முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டாள். "அவர் மெலிஞ்சிருக்காரா?"

சுபேதார் யோசித்தார். அப்போதுதான் இவள் அந்தப் பெரியவரின் பெண்சாதி என்று அவருக்கு விளங்கியது. குரலைத் தணித்தார். "அதைக் கவனிக்கல பீபிஜி. நான் மட்டையைத்தான் பார்த்தேன். ஆனா பூரி தின்னுக்கிட்டிருந்தார். ரெண்டு தட்டு."

அதன் பிறகு வரிசையாக ஆர்டர் வரத் தொடங்கியது. இட்டார்சியை அடுத்து நாக்பூர் ரயில்வே டீம். அப்புறம் பல்லார்ஷா பள்ளிக்கூடம். அப்புறம் செகந்திராபாத். ரயில்பாதை எப்படிப் போகிறதோ அப்படியே வந்தது. சந்தோஷின் பள்ளிக்கூடத் தேசப்படப் புத்தகத்தை விரித்து, மகளை விட்டு ஊர்ப் பெயர்களை வாசிக்கச் சொல்லி, விரலை நகர்த்திக்கொண்டே போவாள் வீராவாலி. அந்த வாரம் விரல் எங்கே நிற்கிறதோ அங்கே புருஷன் இருக்கிறார். கடைசியாக மதராஸில் வந்து நின்றது. அதற்கு மேல் கடல். "இனி அப்பா திரும்பித்தானே ஆகணும்?" என்றாள் சந்தோஷ்.

குளிர் நன்றாக இறங்கிய பிறகு, நெருப்பு மூட்டிக் கொண்டாடும் லோஹ்ரிப் பண்டிகைக்குக் கர்மோவும் வீராவாலியும் எள் வறுத்துக்கொண்டிருந்த காலையில், துர்காதாஸ் டோங்காவிலிருந்து இறங்கினார். முகம் கறுத்திருந்தது. மெலிந்துதான் இருந்தார். வீராவாலி கரண்டியைக் கீழே வைக்காமலே எழுந்து நின்றாள்.

"மட்டை தீர்ந்துபோச்சு" என்றார்.

"அதுக்கா இத்தனை மாசம்?"

"மூணு மட்டையத்தானே எடுத்துட்டுப் போனேன். அதை வித்துடாம காட்டிக்கிட்டே போகணும் இல்ல?"

எள் கருகத் தொடங்கியது. கர்மோதான் அடுப்பிலிருந்து எள்ளை இறக்கினாள்.

பத்து நாள் இருந்தார். பட்டறையின் மற்ற இடத்துக்கெல்லாம் போனார், ரம்பக் கூடத்துக்கு மட்டும் போகவில்லை. பதினோராம் நாள் மட்டைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். இந்தத் தடவை சொல்லிக்கொண்டு கிளம்பினார். அப்படியே வழக்கமாயிற்று. அவர் ஊர் ஊராகப் போய் விற்பார், அவள் உட்கார்ந்து செய்விப்பாள். மையாதாஸ் அண்ட் சன்ஸ் பெருத்தது அப்படித்தான். கால் தரிக்காத மனுஷனை ஒரே இடத்தில் கட்டிப்போடாததால். புதுக் கூரை போட்டார்கள், ஆவிப்பெட்டிகள் கூடின, மங்கத்தின் மகன்கள் வேலைக்கு வந்தார்கள். பேரில் மட்டும் 'சன்ஸ்' இருந்தது. நடத்தியவள் மருமகள். வளர்ந்ததும் சந்தோஷும் சரக்கு அனுப்பும் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அறுபத்தைந்தாம் வருஷம் செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர் வந்தது. ஊருக்குப் பக்கத்திலேயே விமானத்தளம். வானத்திலிருந்து பாராசூட்டில் எதிரி ஆட்கள் குதித்திருக்கிறார்கள் என்று பேச்சு பரவியது. கரும்புக் கொல்லைகளில் தேடுவதற்கு ஊர் ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். துப்பாக்கி இல்லாதவர்கள் பட்டறைக்கு வந்து ஹாக்கி மட்டை கேட்டார்கள். வீராவாலி எடுத்துக் கொடுத்தாள்.

கொடுத்துவிட்டு உள்ளே வந்தவள், தன் கைகள் போர்வையை விரித்து மூட்டை கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பாத்திரங்களைப் போட்டாள், எடுத்தாள். மாடிக்கு ஏறி சாலையைப் பார்த்தாள். வண்டிகளும் சைக்கிள்களுமாக லூதியானா பக்கம் ஜனம் போய்க்கொண்டிருந்தது. இறங்கி வந்து மூட்டையை அவிழ்த்து இன்னும் சின்னதாகக் கட்டினாள்.

சந்தோஷ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயதாகியிருந்தது அவளுக்கு. "எங்கம்மா போறோம்?"

"தெரியல. இங்க இருக்க முடியல. அவ்வளவுதான்."

"அப்பா மாதிரியே பேசறீங்க."

வீராவாலி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, உள்ளங்கால் அரித்தது. ஓடு ஓடு என்று உடம்பு சொன்னது. இதையா அந்த மனுஷன் ஆக்ராவிலும் மீரட்டிலும் தினந்தினம் சுமந்துகொண்டு நடந்தார்? இதற்குத்தான் அவர் தண்ணீர் சரியில்லை என்று பேர் வைத்தார், அவள் கேலி பேசினாள்.

மறுநாள் பகலில் ஒரு லாரி வாசலில் வந்து நின்றது. டிரைவர் பக்கத்திலிருந்து துர்காதாஸ் இறங்கினார். மதராஸில் சேதி கேட்டு, கிடைத்த வண்டியிலெல்லாம் தொற்றி டெல்லி வந்து, லூதியானாவில் மட்டை வாங்கும் கடைக்காரரின் லாரியை டிரைவரோடு கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். எல்லோரும் ஊரை விட்டுப் போகும் சாலையில் எதிர்த்து வந்தது அந்த ஒரு லாரிதான்.

"மங்கத், பொம்பளைங்க பிள்ளைங்க எல்லாரையும் ஏத்து. லூதியானாவுல இடம் பார்த்து வெச்சிருக்கேன். வீராங், நீயும் ஏறு."

"நீங்க?"

"நான் இங்க இருக்கேன்."

சொல்லிவிட்டு நேராக ரம்பக் கூடத்துக்குள் போனார். பன்னிரண்டு வருஷமாகக் கால் வைக்காத கூடம். வீராவாலி பின்னாலேயே போனாள். அவர் ரம்பத்தின் அடியில் சிமென்ட் மேடையில் உட்கார்ந்திருந்தார். அவர் அவ்வளவு அசையாமல் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"பிஷனுக்குப் பதிலா நீங்க இங்க உட்கார்ந்தா அவன் வந்துடுவானா?"

"வரமாட்டான்."

"பின்ன என்னத்துக்கு?"

"அவனை இருன்னு சொல்லிட்டு நான் லாரி ஏறினேன். ஒரு தடவையாவது நான் இருந்து, மத்தவங்க லாரி ஏறட்டுமே, வீராங்."

"ஏறட்டும். நான் ஏற மாட்டேன்."

"பிடிவாதம் பண்ணாத. மூட்டையெல்லாம் கட்டி வெச்சிருக்கியே."

"கட்டினேன். நேத்துப் பூரா ஓடணும் ஓடணும்னு இருந்தது. இப்பவும் இருக்கு." அவள் ரம்பத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். "உங்க தம்பின்னு சொல்லிச் சொல்லி நீங்க ஊர் ஊரா அலைஞ்சீங்க. அவன் எனக்கும்தான் தம்பி. அன்னிக்கு லாரியில ஏறினது நானும்தான். என்னையும் கொஞ்சம் இருக்க விடுங்க."

துர்காதாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மேடையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

சந்தோஷ் போகமாட்டேன் என்று அழுதாள். "கர்மோவால தனியா அத்தனை பேரையும் மேய்க்க முடியாது, நீ போய்ப் பார்த்துக்க" என்று வேலை கொடுத்த பிறகுதான் ஏறினாள். மங்கத் லாரியோடு போய், அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பி நடந்தே வந்துவிட்டான்.

முற்றத்தில் பதுங்குகுழி வெட்டினார்கள். அபாயச் சங்கு ஊதும்போதெல்லாம் மூவரும் அதில் இறங்கி உட்காருவார்கள். தலைக்கு மேல் விமானம் கிழித்துக்கொண்டு போகும், மண் உதிரும். துர்காதாஸ் வாய் ஓயாமல் பேசினார். பதினெட்டு வருஷம் பேசாததையெல்லாம் பேசினார்.

"மதராஸ்ல சோத்துல புளித்தண்ணி ஊத்தித் திங்கறாங்க, மங்கத்."

"ஐயோ பாவம். ரொட்டி கிடைக்காதா லாலாஜி?"

"மூணு வேளையும் சோறு. முதல் தடவை மூக்குல தண்ணி வந்துச்சு. இப்ப அது இல்லாம எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. அங்க எழும்பூர்ல ஒரு மைதானம் இருக்கு. பசங்க வெறுங்கால்ல ஹாக்கி ஆடுறாங்க பாரு, பந்து தரையில இருக்கா அவங்க கால்ல இருக்கான்னு தெரியாது. நம்ம மட்டைய வாங்கின பையன் ஒருத்தன் அதுக்குக் குங்குமம் வெச்சுத்தான் எடுக்கறான்."

"மட்டைக்கா?"

"மட்டைக்குத்தான்."

எங்கோ தூரத்தில் குண்டு விழுந்து தரை அதிர்ந்தது. வீராவாலி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் எழுந்து ஓடவில்லை. பேச்சு நடுவில் பிஷனைப் பற்றியும் வந்தது. பாலாடை திருடின கதையை அவள் சொன்னபோது, அந்த இரண்டாவது கிண்ணத்தில் பாதி தனக்கு வந்து சேர்ந்தது என்று துர்காதாஸ் ஒத்துக்கொண்டார். மங்கத் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே மூவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சண்டை நின்றது. லூதியானாவிலிருந்து எல்லோரும் திரும்பினார்கள். பட்டறை ஓட்டில் விரிசல் விட்டிருந்ததைத் தவிரச் சேதம் இல்லை. ஊருக்குள் கொடுத்த மட்டைகளில் பாதி திரும்பி வந்தன. துர்காதாஸ் அந்தக் குளிர்காலம் முழுவதும் வீட்டிலேயே இருந்தார். இனி அலைச்சல் தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பங்குனி வெயில் தொடங்கியதும் அவர் மட்டைகளைத் துண்டில் கட்ட ஆரம்பித்தார். கொஞ்சம் வெட்கத்தோடு வீராவாலியைப் பார்த்தார். "பயம் ஏதும் இல்ல வீராங். அது போயிடுச்சு. சும்மா கால்தான் கேக்குது. மதராஸ் பையங்களுக்குக் கைப்பிடி இன்னும் ஒல்லியா வேணுமாம். கொண்டுபோய்க் காட்டணும்."

"எத்தனை டிக்கெட் வாங்கினீங்க?"

"ஒண்ணு. ஏன்?"

"இன்னொண்ணு வாங்குங்க."

அவர் முடிச்சைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். "நீயா? பட்டறையை யார் பார்க்கறது?"

"சந்தோஷ் இருக்கா, மங்கத் இருக்கான். போர் வந்தப்ப கிளம்பின கால், இன்னும் நிக்க மாட்டேங்குதுங்க. நான் யார்கிட்ட சொல்ல? பன்னிரண்டு வருஷமா படத்துல விரல் வெச்சே ஊர் பார்த்துட்டேன்."

சந்தோஷ் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தாள். வழியெல்லாம் வீராவாலி அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். வஜ்ஜிரம் அடிபிடிக்காமல் பார்த்துக்கொள், பிரம்பை வெயிலில் போடாதே, கர்மோவின் கடைசிப் பையனை உளி பக்கம் விடாதே.

"அம்மா, நீங்க போங்க. இல்ல, இறங்குங்க. ரெண்டுல ஒண்ணு செய்யுங்க" என்றாள் சந்தோஷ்.

வண்டி நகர்ந்தது. துர்காதாஸ் பழகிய ஆள். மட்டைக் கட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு பில்லோர் தாண்டுவதற்குள் தூங்கிப்போனார். வீராவாலி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆவிப்பெட்டிக்குத் தண்ணீர் விடச் சொல்ல மறந்துவிட்டோமே என்று மனசு பின்னால் ஓடியது. சத்லஜ் பாலத்தில் வண்டி கடகடத்ததும் மனசு முன்னால் ஓடியது. அடுத்து எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டாள்.

"லூதியானா" என்றார் அவர். "நீங்க எங்கம்மா போறீங்க?"

"கடைசி வரைக்கும்" என்றாள் வீராவாலி. கோதுமை வயல் ஓடி மறைந்துகொண்டே இருந்தது. இறங்கி நின்று பார்க்க வேண்டும் போலவும் இருந்தது, வண்டி எங்கேயும் நிற்கக் கூடாது போலவும் இருந்தது.